600 ரூபாய்க்கு பில் இல்லை: சம்பளமில்லாத ஒரு இன்டர்ன்ஷிப்பின் கணக்கு

இதில் தப்பு பண்ணியது நான்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்துவாச்சாரியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் 19 வருடமாகக் கணக்கு பார்ப்பவன். பில் இல்லாத செலவைப் பார்த்தால் கை தானாகச் சிவப்பு மை பேனாவுக்குப் போய்விடும். அந்தப் பழக்கத்தை ஒரு காலேஜ் பெண்ணின் மேல் காட்டினேன், அதனால் என்ன ஆனது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நாங்கள் 23 பேர், வேலூரில் ஒரே அரசு கலைக் கல்லூரியில் படித்தவர்கள். சங்கம், ரிஜிஸ்டர் நம்பர், லெட்டர்பேடு எதுவும் கிடையாது, ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும்தான். அதில் ஒருவன் 2024 மார்ச்சில் ஒரு யோசனை போட்டான். இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு கம்பெனி ஸ்டைபண்ட் கொடுத்து ட்ரெய்னிங் தருகிறது, நம் காலேஜில் பொருளியல், வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்குப் பொதுக் கொள்கை (அரசுத் திட்டங்களை ஆராயும் வேலை) பக்கம் இன்டர்ன்ஷிப் கிடைத்தாலும் எல்லாம் சம்பளம் இல்லாதது, போக முடியவில்லை, ஆளுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் போட்டால் ஒரு ஆளையாவது அனுப்பலாமே என்றான். 26,000 ரூபாய் சேர்ந்தது. கணக்கு யார் பார்ப்பது? நான்தான்.

யார், எங்கே

நாங்கள் அனுப்பிய பெண்ணுக்குக் குடியாத்தம் பக்கத்துக் கிராமம். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா விவசாயக் கூலி, அண்ணன் டூ வீலர் மெக்கானிக் கடையில் வேலை. இவள் பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறாள், வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் பேங்க் கணக்குக்கே வந்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், அது இல்லாவிட்டால் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் திண்டாட்டம் என்று அவளே சொன்னாள்.

சென்னையில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனம் (பெயர் வேண்டாம்) எட்டு வாரத்துக்கு ஆள் எடுத்தது. மே 13 முதல் ஜூலை 5 வரை. வேலை என்னவென்றால், முதியோர் ஓய்வூதிய மனுக்கள் ஏன் தள்ளுபடி ஆகின்றன என்று பார்ப்பது. 2023 ஆகஸ்டில் அந்தத் தொகை 1,200 ரூபாய் ஆனது. ஊரில் அதை யாரும் ஓய்வூதியம் என்று சொல்வதில்லை, 'ஓஏபி துட்டு' என்றுதான் சொல்வார்கள். சம்பளம் கிடையாது, லேப்டாப் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும் என்று மெயிலிலேயே போட்டிருந்தார்கள். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னதற்காக அவர்களைப் பாராட்டலாம், அதற்கு மேல் பாராட்ட ஒன்றுமில்லை.

எங்கள் குழுவில் நாங்கள் எடுத்த முடிவு இது. மாதம் 12,000 வரை, மொத்தம் 24,000 வரை கொடுக்கலாம். மாதக் கடைசியில் பில் அனுப்பினால் சரிபார்த்துவிட்டு பேங்கில் போடுவது. இந்த 'சரிபார்த்துவிட்டு' என்ற வார்த்தையைச் சேர்த்தவன் நான். எல்லோரும் கட்டைவிரல் தூக்கினார்கள்.

நோட்டில் இருந்தது

அவள் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தினமும் செலவை எழுதிவந்தாள், இப்போது அது என்னிடம்தான் இருக்கிறது. முதல் வாரம் வீட்டிலிருந்தே போய்வந்தாள். காட்பாடியில் இருந்து சென்னைக்கு 130 கிலோமீட்டர், சீசன் டிக்கெட் எடுத்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய பேர், நீயும் அப்படிப் போய்விட்டு வரலாமே என்று குழுவில் அறிவுரை சொன்ன மகானுபாவர்களில் அடியேனும் ஒருவன். நாங்கள் யோசிக்காமல் விட்டது, அவள் வீடு காட்பாடியில் இல்லை. விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் ஊரில் இருந்து அந்த நேரத்துக்கு பஸ் இல்லை, அண்ணன் தூக்கக் கலக்கத்தோடு டிவிஎஸ் 50-ல் கொண்டுவந்து விடவேண்டும், சாயங்காலம் ஆறு மணி வாக்கில் சென்னையை விட்டு ரயில் கிளம்பினால் காட்பாடியில் இறங்கி ஊர் போய்ச் சேர ராத்திரி பத்து. மாணவர் சலுகை சீசன் கேட்டாள், அது வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவில் போகிறவர்களுக்குத்தான், ஆபீஸுக்குப் போகிறவளுக்கு முழு டிக்கெட் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது நாள் ரயிலில் நின்றபடியே தூங்கிப்போய், அரக்கோணத்தில் ஒரு அக்கா தோளைத் தட்டி எழுப்பி உட்கார இடம் கொடுத்ததை நோட்டில் ஒரு வரியாக எழுதி வைத்திருக்கிறாள். அந்த வரிக்கு எதிரே செலவு பத்தியில் ஒரு கோடு.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்கு மாறினாள். காலையும் ராத்திரியும் சாப்பாட்டோடு மாதம் 6,500, அட்வான்ஸ் 5,000. ஆக ஒரே நாளில் கையில் வேண்டியது 11,500. அவளிடம் இருந்தது 1,500. அம்மா தன் மகளிர் குழுவில் 10,000 கடன் எடுத்தார், மாசத்துக்கு நூத்துக்கு ரெண்டு வட்டி. எங்கள் பணம் மாதக் கடைசியில்தானே வரும், அதுவும் 'சரிபார்த்துவிட்டு'.

மற்ற செலவையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பை ரிச்சி தெருவில் மாதம் 1,500 என்று இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தாள், 3,000. மதியச் சாப்பாடு 40 நாளுக்கு 60 ரூபாய் வீதம் 2,400. சீசன் டிக்கெட்டும் இடையில் ஊருக்குப் போய்வந்ததும் சேர்த்து 1,400. போன் ரீசார்ஜ் 700. ஆபீஸுக்குப் போட்டுப் போக இரண்டு சுடிதார், 1,500. சென்னைக்குள் பஸ்ஸுக்கு ஒரு பைசா இல்லை, பெண்களுக்கு இலவச பஸ் 2021-லிருந்தே இருக்கிறதே. ஹாஸ்டல் அட்வான்ஸில் 1,000 ரூபாயை பெயிண்ட் செலவு என்று பிடித்துக்கொண்டு, மீதி 4,000-ஐ இரண்டாம் மாத வாடகையில் கழித்துக்கொண்டார்கள். குறைந்த 2,500-ஐ அண்ணன் தன் சம்பளத்தில் இருந்து அனுப்பினான். எல்லாம் சேர்த்து 23,000. நாங்கள் ஒப்புக்கொண்ட 24,000-க்குள்தான் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் திட்டம் அமோக வெற்றி.

சரி, பணம் எப்போது போனது? ஜூன் 14-ம் தேதி முதல் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். எங்கள் ஆபீஸில் அது எந்த நேரம் என்று கணக்கு பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஜூலை 31 வருமான வரிக் கணக்கு தாக்கலுக்குக் கடைசி நாள், ஜூன் பாதியில் இருந்தே ஃபார்ம் 16-ஐ (சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் சான்று) தூக்கிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று தள்ளிப்போட்டு, ஜூலை 22-ம் தேதி உட்கார்ந்து பார்த்தேன். ஹாஸ்டல் வாடகைக்கு ரசீது இருந்தது. சீசன் டிக்கெட் இருந்தது. லேப்டாப் கடைக்காரர் பில் போட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும் என்று சொல்லிவிட்டாராம், பில் இல்லை. மதியச் சாப்பாடு கையேந்தி பவன், அங்கே யார் பில் தருவார்கள்? பில் உள்ளதற்கு மட்டும் பணம் போட்டுவிட்டு, "மற்றதற்கும் பில் அனுப்பும்மா" என்று ஒரு மெசேஜ் தட்டினேன். "சரிங்க சார்" என்று பதில் வந்தது. இன்டர்ன்ஷிப் முடிந்து அப்போது 17 நாள் ஆகியிருந்தது.

மீதிப் பணம் ஆகஸ்ட் 3-ம் தேதி போனது, அதுவும் குழுவில் ஒரு அக்கா என்னைப் பிடித்து உலுக்கிய பிறகு. மகளிர் குழுக் கடனை அன்றைக்குத்தான் அடைத்தார்கள். மூன்று மாத வட்டி 600 ரூபாய். அது எந்தச் செலவுப் பட்டியலிலும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் சின்னதாக 'அம்மா குழு 600' என்று இருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன்.

அது மட்டுமில்லை. முந்தின வருடம் கோடை லீவில் அவள் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் உதவியாளாகப் போயிருக்கிறாள், கம்பெனி வேனே ஊருக்கு வந்து கூட்டிப்போகும், மாதம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கையில் வந்திருக்கிறது. அந்த வருமானத்தை நம்பித்தான் வீட்டில் ஜூன் மாத மளிகை, அண்ணனின் வண்டி தவணை எல்லாம் ஓடும். இந்த வருடம் அது இல்லை. அதாவது இன்டர்ன்ஷிப்பால் அவள் வீட்டுக்கு ஆன செலவு 23,000 இல்லை, அதோடு வராமல் போன 18,000-மும்தான். நாங்கள் பார்த்தது முதல் எண்ணை மட்டும். அதையும் தாமதமாக.

அவள் அங்கே என்ன செய்தாள்

இதைச் சொல்லாமல் போனால் ஏதோ தர்மம் பண்ணியது போல ஆகிவிடும். மே மாதம் முழுக்க தாலுகா ஆபீஸில் யாரைக் கேட்டாலும் எலெக்‌ஷன் டியூட்டி, ஜூன் 4 ரிசல்ட் வரட்டும் என்றார்கள். ஜூனில்தான் கே.வி.குப்பம் பக்கம் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனார்கள். நடுவில் கல்லூரியும் திறந்துவிட்டது, துறைத் தலைவர் பெரிய மனது பண்ணி அட்டெண்டன்ஸ் விஷயத்தைப் பார்த்துக்கொண்டார்.

கேள்வித்தாளில் ஒரு கேள்வி: 'தங்களை யாரேனும் பராமரிக்கிறார்களா?' சென்னையில் இருந்து வந்தவர்கள் அதை அப்படியே வாசித்தார்கள். பாட்டிகள் எல்லோரும் "ஆமா, புள்ள பாத்துக்கறான்" என்றார்கள். மகன் இருக்கிறான் என்று காரணம் காட்டித்தான் பல மனுக்கள் தள்ளுபடி ஆகியிருந்தன, அப்படியானால் தாசில்தார் சரியாகத்தானே செய்திருக்கிறார் என்று ஆபீஸில் பேச்சு. இவள் மூன்றாவது வீட்டில் கேள்வியை மாற்றிக் கேட்டிருக்கிறாள். "ஆயா, அரிசி யாரு வாங்கிப் போடறது?" "ரேஷன்ல நானே வாங்கியாந்துக்கறேன்." "மருந்து?" "பக்கத்து வூட்டுப் பொண்ணு வாங்கியாரும்." "புள்ள எப்ப வந்தாரு?" "ஆடி மாசம் வந்தான்." போன வருஷத்து ஆடி.

வெளியாள் வந்து கேட்டால் எந்தத் தாயும் என் பிள்ளை என்னைப் பார்ப்பதில்லை என்று சொல்ல மாட்டாள், இது ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நிறுவனம் கேள்வித்தாளையே மாற்றியது. பராமரிப்பு என்ற வார்த்தையை எடுத்துவிட்டு அரிசி, மருந்து, கடைசியாக வந்த நாள் என்று மூன்றாகப் பிரித்தார்கள். சம்பளம் இல்லாத வேலைக்கு வசதியானவர்கள் மட்டும் வந்தால் இந்த மாதிரி ஒரு ஆள் அந்த மேஜைக்கு வரவே மாட்டாள், அப்புறம் அந்தக் கேள்வி அப்படியே அறிக்கையாகி மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கொள்கை என்றாலே டெல்லி சமாச்சாரம் என்று இங்கே ஒரு எண்ணம் இருக்கிறது. பாலாற்றுக் கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு பண்ணியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. நாடு முழுக்க இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம் அது.  சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"அதான் கவர்மெண்டே தருதே"

குழுவில் ஒருவர் இப்படித்தான் கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் இன்டர்ன்ஷிப் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை, சம்பளம் கிடையாது, லேப்டாப் நம்முடையது, இளநிலை மாணவர் என்றால் பிளஸ் டூவில் 85 சதவீதம் வேண்டும். இவள் 81. காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி போய்விடலாம், போய் எங்கே தங்குவது என்பதுதான் கேள்வி. வெளியுறவு அமைச்சகம் பரவாயில்லை, மாதம் 10,000 ரூபாயும் போய்வர விமான டிக்கெட்டும் தருகிறது, ஆனால் இடங்கள் ரொம்பக் குறைவு. பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் இரண்டு மாதத் திட்டம்தான் எனக்குப் பிடித்திருந்தது. பெருநகரம் அல்லாத ஊர்ப் பெண்களுக்கு என்றே வைத்து, மாதம் 20,000, தங்க ஹாஸ்டல், ரயில் செலவு என்று போட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஆனால் 21 வயது ஆகவேண்டும். இவளுக்கு அப்போது 19.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபரில் வந்தபோது குழுவில் ஒரே ஆரவாரம். மாதம் 5,000, சேரும்போது ஒரு தடவை 6,000. படித்துப் பார்த்தால், அப்போதைய விதிப்படி வயது 21 முதல் 24, முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்கள் சேரக்கூடாது, வேலை பெரிய கம்பெனிகளில். அதாவது மாணவர்களுக்கானது இல்லை. தமிழக முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் டிகிரி முடித்தவர்களுக்கு. தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம், 1961, ஸ்டைபண்டைக் கட்டாயம் ஆக்குகிறது, 2019 விதிப்படி பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தது 9,000 ரூபாய். ஆனால் இன்டர்ன் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தச் சட்டம் எட்டிப்பார்க்காது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: மாதம் 9,000 இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் பேட்ச் நண்பன் அங்கத்து நிலவரம் சொன்னான். அங்கேயும் அரசு, அரசியல் பக்கம் இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் இனாம் வேலையாகத்தான் ரொம்ப நாள் இருந்தது. 2018-ல்தான் நாடாளுமன்றத்தில் இன்டர்ன்களுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கினார்கள், கீழவைக்கு 88 லட்சம் டாலர், செனட்டுக்கு 50 லட்சம். வெள்ளை மாளிகை 2022 இலையுதிர் காலத்தில்தான் வாரம் 750 டாலர் கொடுக்க ஆரம்பித்தது. அதற்கு முன்பே பல பல்கலைக்கழகங்கள், சம்பளமில்லாத இடத்துக்குப் போகும் தங்கள் மாணவர்களுக்குக் கோடை நிதி என்று தனியாகக் கொடுத்துவந்தன. அவன் மகளுக்கும் கிடைத்தது. "பில்லு கேட்டாங்களாடா?" என்றேன். "போறதுக்கு முன்னாடியே மொத்தமா போட்டுட்டாங்கடா. திரும்பி வந்து ரெண்டு பக்கம் எழுதிக் குடுக்கணும், அவ்ளோதான்." போன் பேசி முடித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவன் இரண்டு லட்சம் தருகிறேன் என்றான். வாங்க முடியாது. அவன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான், 2010 வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அவன் பணத்தை இந்த மாதிரி ஒரு பொது நிதிக்கு வாங்கினால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். துபாயில் இருக்கும் இன்னொரு நண்பன் இந்திய பாஸ்போர்ட்டில் இருப்பதால் தன் சம்பளத்தில் இருந்து அனுப்பலாம், சிக்கல் இல்லை. டிரஸ்ட் ஆக்கினால் வரிவிலக்குக்கு என்று தனிப் பதிவு, வருடா வருடம் கணக்கு தாக்கல், ஒரு லட்சம் ரூபாய் நிதிக்கு அவ்வளவு கச்சேரி தாங்காது. எனவே ஆளாளுக்கு நேராக மாணவர் கணக்குக்கே அனுப்பிவிடுகிறோம். இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான், உறவினர் அல்லாதவர்களிடம் இருந்து ஒருவருக்கு ஒரு வருடத்தில் வருவது 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம் ஆகிவிடும். படிப்புக்கான உதவித்தொகைக்கு வருமான வரிச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தை ஒரு பீடித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஏன் செய்ய வேண்டும்? 50,000-க்குக் கீழேயே நிறுத்திக்கொண்டோம்.

2025 கோடை

இந்தத் தடவை 78,000 சேர்ந்தது. மூன்று பேர். கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால் ஆளுக்கு 15,000 பேங்கில். பில் கேட்பதில்லை. அதோடு வீட்டுக்கு மாதம் 5,000, இரண்டு மாதம், அம்மா அல்லது அப்பா பெயரில். இதற்கு 'வீட்டுப் பங்கு' என்று பெயர் வைத்தது அந்தப் பெண்தான், இப்போது அவளும் குழுவில் இருக்கிறாள். வீட்டுப் பங்கு வந்தபோது எதிர்ப்பும் வந்தது, படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம், வீட்டுக்கு எதற்கு, நாம் என்ன கவர்மெண்டா என்று. ஷூ கம்பெனிக் கணக்கை அவள் எழுதிப் போட்டாள். யாரும் அப்புறம் பேசவில்லை, ஒருவர் மட்டும் குழுவை விட்டு வெளியேறினார். லேப்டாப்பை நிறுவனமே இரவல் தரவேண்டும் என்று மூன்று இடத்துக்கும் மெயில் போட்டோம். சம்பளம் கேட்டபோது பட்ஜெட் இல்லை என்றவர்கள், லேப்டாப் கேட்டதும் இரண்டு இடத்தில் உடனே கொடுத்தார்கள். இதைப் போன வருடமே கேட்டிருக்கலாம். 3,000 ரூபாய் மிச்சம் ஆகியிருக்கும்.

முன்பணம் கொடுத்தால் ஏமாற்றிவிடுவார்கள் என்பதுதான் என் பயமாக இருந்தது. இரண்டு பேர் முழுசாக முடித்தார்கள். மூன்றாவது பையன், சேர்க்காடு பக்கம், மூன்றாவது வாரம் திரும்பி வந்துவிட்டான். அப்பா லோடு ஏற்றும்போது விழுந்து கால் முறிந்துவிட்டது, வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. அவனுக்கு அதுவரை 15,000-மும் வீட்டுப் பங்கு 5,000-மும் போயிருந்தது. யாரும் கேட்காமலே 8,000-ஐ ஜிபேயில் திருப்பி அனுப்பினான். கூடவே "மீதி ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் ஆயிடுச்சுங்க சார், அடுத்த மாசம் தரேன்" என்று மெசேஜ். தர வேண்டாம் என்று பதில் போட்டேன். அதைக் குழுவைக் கேட்காமல் போட்டதற்கு ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், வாங்க வேண்டியதுதான்.

அந்த 600 ரூபாயை அவள் அம்மா கணக்குக்கு அனுப்பினேன். "எதுக்கு சார் இது, வட்டிதானே" என்று போனில் சிரித்தார்.

கணக்கு நோட்டு இப்போது அவளிடம். வருடக் கணக்கை ஒப்படைக்கும்போது அந்தப் பையனின் 12,000-ஐ நான் வாராக் கடன் என்று எழுதியிருந்தேன். அவள் அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் 'செலவு' என்று எழுதி வைத்திருந்தாள்.